கனகலட்சுமி நொண்டிய மாதங்கள்

கனகலட்சுமி வீட்டுக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் நொண்டத் தொடங்குவாள்.

விளாங்குடி பஸ் ஸ்டாப்பில் இறங்கி, தெருமுனையில் இருக்கிற இஸ்திரி வண்டி வரைக்கும் நேராகவே நடந்து வருவாள். வண்டியைத் தாண்டியதும் பைக்குள் மடக்கி வைத்திருக்கும் ஊன்றுகோலை எடுத்து நீட்டி, வலது கையில் பிடித்துக்கொள்வாள். இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைப்பாள். அதற்கப்புறம் அவள் வீட்டுக் கேட் வரைக்கும் ஏழெட்டு வீடுகள். அந்தத் தூரத்துக்குள் முகமும் தானாகவே கொஞ்சம் சுருங்கிக்கொள்ளும்.

கேட் சத்தம் கேட்டதும் தங்கச்சி முத்துத்தாய் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வருவாள்.

"எப்பிடிக்கா இருக்கு இன்னைக்கு?"

"பரவாயில்லடி. குனிஞ்சாத்தான் சுருக்குங்குது."

"நீ ஒண்ணுக்கும் குனியாத. உக்காரு, ஒத்தடத்துக்கு வெந்நி வச்சிருக்கேன்."

கனகலட்சுமி உட்காருவாள். அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் அவள் ஒரு குதிரையிலிருந்து இறங்கியிருப்பாள்.

*

அவளுக்கு வயது நாற்பத்தொன்பது. மதுரை டவுனுக்குள் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க். கல்யாணம் ஆகவில்லை. மாப்பிள்ளை பார்த்த காலத்தில் எதுவும் கூடிவரவில்லை. அம்மா இறந்த பிறகு அந்தப் பேச்சே நின்றுபோனது. அப்பா பேயாண்டி செல்லம்பட்டிப் பக்கம் விவசாயம் பார்த்தவர். நிலத்தை விற்றுவிட்டு விளாங்குடியில் இந்த வீட்டைக் கட்டி, பெரிய மகளோடு வந்து இருந்துகொண்டார். சின்ன மகள் முத்துத்தாயை வத்தலக்குண்டில் கட்டிக் கொடுத்திருந்தது.

குதிரை அவள் வாழ்க்கைக்குள் வந்தது நாற்பத்தோராவது வயதில். அலங்காநல்லூர் ரோட்டில் ஒரு தென்னந்தோப்பை ஒட்டிக் குதிரையேற்றப் பயிற்சி மைதானம் ஒன்று இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போனார்கள். துணைக்கு டீச்சர் ஒருத்தி வரவில்லை என்று இவளை அனுப்பினார்கள். பிள்ளைகள் எல்லாரும் ஏறி இறங்கின பிறகு, மைதானத்தை நடத்துகிற சூரியபிரகாஷ் இவளைப் பார்த்து, "டீச்சர், நீங்களும் ஒரு ரவுண்டு ஏறுங்க" என்றான்.

"நான் டீச்சர் இல்ல தம்பி, கிளார்க்கு."

"கிளார்க்கும் ஏறலாம்க்கா."

சேலையை ஒருபக்கமாக ஒதுக்கிக்கொண்டு ஏறிவிட்டாள். ஒரே ஒரு சுற்று. குதிரை சும்மா நடந்தது, அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு இரவுச் சாப்பாட்டின்போது அவள் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டதைப் பார்த்து அப்பா என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னாள். பேயாண்டி எதற்கும் சிரிக்கிற மனுஷன். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"குதிரையா? நீயா? சரி, போ. எங்கிட்டாச்சும் விழுந்தா ஊருக்குச் சொல்லாத, எனக்கு மட்டும் சொல்லு. நான் சிரிச்சுக்கிறேன்."

முத்துத்தாய் வத்தலக்குண்டில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருந்தாள். போனில் படம் பார்த்து, முழங்காலுக்கு உள்பக்கம் இரட்டைத் துணி வைத்து, அக்காவுக்குக் குதிரை ஓட்ட ஒரு கால்சட்டை தைத்து அனுப்பினாள். தெருவில் நாலு பேர் பேசினார்கள். பேசிப் பேசி அவர்களுக்கும் அலுத்துவிட்டது. கனகலட்சுமி ஞாயிற்றுக்கிழமை காலைகளில் போய்வந்தாள். அங்கே சீனி என்று ஒரு பழுப்புப் பெட்டைக் குதிரை இருந்தது. அதன்மேல் உட்கார்ந்தால் இரண்டு கையும் கடிவாளத்தில் இருக்கும். போனை எடுக்க முடியாது. யாருக்கும் எதையும் எடுத்துக் கொடுக்க முடியாது. வேறு எங்கேயும் அவளுக்குக் கிடைக்காத சௌகரியம் அது.

அப்புறம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. சிரிப்பும் அழுகையும் மட்டும் மிஞ்சின. அவை இரண்டும் நேரங்காலம் இல்லாமல் வரும், பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பகலில் சுந்தரம்மாள் என்ற அம்மா வந்து அவரைப் பார்த்துக்கொண்டாள். மற்ற நேரமெல்லாம் கனகலட்சுமிதான். தூக்கி உட்கார வைப்பது, துடைப்பது, ஊட்டுவது, திருப்பிப் படுக்க வைப்பது. ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு மணி நேரம் மட்டும் சீனிக்கு.

சில வருஷம் இப்படிப் போன பிறகு இடது இடுப்பில் வலி ஆரம்பித்தது. முதலில் மாடிப்படியில் வந்தது, பிறகு சமதரையில் வந்தது, கடைசியில் படுத்திருக்கும்போதும் வந்தது. படம் எடுத்துப் பார்த்துவிட்டு, தொடை எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் போகாமல் எலும்பு செத்துக்கொண்டு வருகிறது, மூட்டையே மாற்ற வேண்டும் என்றார் எலும்பு டாக்டர். குதிரை ஓட்டினதாலா என்று பயந்துகொண்டே கேட்டாள். அதனால் இல்லை என்றார். அப்பாவைத் தூக்கினதாலா? அதனாலும் இல்லை. சிலருக்கு இப்படி வரும், காரணம் தெரியாது.

சித்திரைத் திருவிழா முடிந்து, பள்ளிக்கூடம் லீவில் இருந்த நாளில் ஆபரேஷன். முத்துத்தாய் இரண்டு பைகளோடு வந்து இறங்கினாள். கடையின் ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு, புருஷன் சின்னச்சாமியையும் பிளஸ் டூ படிக்கிற மகனையும் அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். மூன்று மாதம் என்று சொல்லித்தான் வந்தாள்.

அந்த மூன்று மாதத்தில் அவள் பார்த்த வேலைக்கு அளவில்லை. இந்தப்பக்கம் ஒரு கட்டில், அந்தப்பக்கம் ஒரு கட்டில். அக்காவின் இரண்டு காலுக்கும் நடுவில் தலையணையைச் செருகிவிட்டு, அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டப் போவாள். அவரைத் திருப்பிப் போட்டுவிட்டு வந்து, இவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு கழிப்பறைக்கு நடத்திப் போவாள். இடுப்பை மடக்கிக் குனியக் கூடாது என்பதால் கனகலட்சுமியால் தன் பாதத்தைத் தொட முடியாது. முத்துத்தாய் தரையில் உட்கார்ந்து, அக்காவின் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு நகம் வெட்டிவிட்டாள். அப்படி வெட்டும்போது ஒருநாள் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

"அய்யாவ ஒத்தையாத் தூக்கித் தூக்கித்தான்க்கா ஒனக்கு இடுப்பு போச்சு. நான் அங்குட்டு மெஷினு முன்னாடி சொகமா உக்காந்திருந்தேன். எல்லாம் என்னாலதான்."

அதனால் இல்லை என்று டாக்டர் சொன்னதைச் சொல்லியிருக்கலாம். கனகலட்சுமி வாயைத் திறந்தாள். ஆனால் இத்தனை வருஷத்தில் ஒருத்தராவது அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டார்களா என்று அவள் உள்ளுக்குள் காத்திருந்தது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. பேசாமல் இருந்துவிட்டாள்.

*

ஆவணியில் அவள் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். ஆனால் அப்பாவைக் குனிந்து தூக்க இன்னும் டாக்டர் விடவில்லை. அதனால் முத்துத்தாய் இருந்தாள். ஐப்பசியில் போய்க் காட்டியபோது மூட்டு நன்றாகப் பொருந்திவிட்டது, இனி எல்லா வேலையும் செய்யலாம் என்றார் டாக்டர். முத்துத்தாய் வெளியே மருந்துக் கடையில் நின்றாள். கனகலட்சுமி கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, குதிரை ஓட்டலாமா என்று கேட்டாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "முன்னாடியே நல்லாப் பழகினவங்கதானே? சாதுவான குதிரையா இருக்கணும். மெதுவா நடக்க விடுங்க. தரையிலேருந்து தாவி ஏறக் கூடாது. ஒரே ஒரு விஷயம், விழக் கூடாது. விழுந்து மூட்டு நழுவுச்சுன்னா மறுபடியும் முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

வெளியே வந்ததும், "என்னக்கா சொன்னாரு?" என்று கேட்டாள் முத்துத்தாய்.

"கொஞ்சம் கொஞ்சமாச் செய்யலாம்னாரு."

தினமும் காலையில் வேலைக்கு முன்னால் போய்வந்த பிசியோதெரபியும் அந்த வாரமே முடிந்துவிட்டது. இனிமேல் வர வேண்டாம், வீட்டிலேயே பயிற்சி செய்யுங்கள் என்று அங்கே பயிற்சி கொடுத்த பெண் சொல்லிவிட்டாள். மறுநாள் காலையில் வழக்கமான நேரத்துக்கு முத்துத்தாய் துண்டையும் தண்ணீர்ப் பாட்டிலையும் பையில் வைத்துக் கொடுத்து, "பாத்துப் போயிட்டு வாக்கா" என்றாள். முடிந்துவிட்டது என்று சொல்ல ஒரு நொடி போதும். கனகலட்சுமி பையை வாங்கிக்கொண்டு இறங்கினாள். பஸ் ஏறினாள்.

மைதானத்தில் சூரியபிரகாஷ் அவளைப் பார்த்ததும் வேலியைத் தாண்டிக் குதித்து வந்தான். எந்தப் பக்கம் ஆபரேஷன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு யோசித்தான். குதிரைக்கு எல்லாரும் இடது பக்கம்தான் ஏறுவார்கள். இடது காலைச் சேணத்தில் தொங்கும் வளையத்துக்குள் வைக்க முழங்காலை வயிறு வரைக்கும் மடக்க வேண்டும், அது இவளுக்கு ஆகாது. "வலது பக்கம் ஏறுங்கக்கா. சீனிய நான் பழக்குறேன். ஒரு வாரம் குடுங்க" என்றான். அந்த ஒரு வாரமும் கனகலட்சுமி தினமும் போய் மைதானத்தைச் சுற்றி நடந்தாள். அவன் சீனியின் வலது பக்கத்தில் நின்று தட்டி, சாய்ந்து, தொங்கி, கடைசியில் ஏறி, அதைப் பழக்கினான்.

பிறகு ஒரு காலையில், குதிரை ஏறுவதற்கென்று கட்டியிருந்த சிமெண்டு மேடையில் ஏறி நின்றாள். வலது காலை வளையத்தில் வைத்து, சேணத்துப் பிடியைப் பற்றிக்கொண்டு, இடது காலைத் தூக்கினாள். பாதியில் கால் நின்றது. மூட்டுக்குள் ஏதோ ஒரு கதவு திறக்க மாட்டேன் என்கிற மாதிரி இருந்தது. சீனி அசையாமல் நின்றது, காதை மட்டும் பின்னால் திருப்பியது. கனகலட்சுமி மூச்சை விட்டாள். கால் தாண்டியது. சேணத்தில் உட்கார்ந்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சூரியபிரகாஷ் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வேறெங்கோ பார்த்தான்.

அன்றைக்கு வீட்டுக்கு வரும்போது சொல்லிவிடலாம் என்றுதான் வந்தாள். முத்துத்தாயும் சந்தோஷப்படுவாள் என்றுகூட நினைத்தாள். ஆனால் உள்ளே நுழைந்தபோது முத்துத்தாய் அப்பாவைத் தூக்கி உட்கார வைத்துவிட்டு, தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றாள். அக்காவைப் பார்த்ததும் இடுப்பிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"ரொம்ப வலிக்குதாக்கா? மொகம் செவந்து கெடக்கு."

இப்போது சொன்னால் என்ன அர்த்தம் என்று கனகலட்சுமிக்குப் புரிந்தது. குதிரை ஏற முடிந்தவளுக்கு அப்பாவையும் தூக்க முடியும். தூக்க முடிந்தால் தங்கச்சி ஊருக்குப் போய்விடுவாள். தங்கச்சி போய்விட்டால் இந்தக் காலைகள் இல்லை.

"லேசா வலிக்குது" என்றாள்.

*

முதல் தடவைதான் கஷ்டமாக இருந்தது. அப்புறம் நொண்டுவது பல் விளக்குகிற மாதிரி ஆகிவிட்டது. வாரத்தில் நாலு காலைகள் குதிரை. மழை பெய்தால் வீட்டிலேயே இருப்பாள். அந்த நாட்களில் உண்மையாகவே கொஞ்சம் வலிக்கிற மாதிரி இருக்கும்.

தனக்குத்தானே நியாயமும் சொல்லிக்கொண்டாள். அப்பாவை இத்தனை வருஷம் நான் பார்த்தேன், இவள் சில மாதம் பார்க்கட்டுமே. யாருக்கும் கெடுதல் செய்யவில்லையே. பஸ்ஸில் போகும்போது அந்த நியாயம் நன்றாக நிற்கும். திரும்பி வரும்போது, இஸ்திரி வண்டியைப் பார்த்ததும் சரிந்துவிடும்.

அப்பாவின் அறையில் மட்டும் அவள் நொண்டுவதில்லை. முத்துத்தாய் கடைக்குப் போயிருக்கும்போதோ குளிக்கும்போதோ உள்ளே போய், சன்னலைத் திறந்து, குனிந்து போர்வையைச் சரிசெய்து, சாதாரணமாக நடந்து வருவாள். பேச முடியாத மனுஷனிடம் என்ன மறைப்பது? பேயாண்டியின் கண் அவள் காலையே பார்த்துக்கொண்டிருக்கும்.

கார்த்திகையில் ஒருநாள், முத்துத்தாய் அவருக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள். கனகலட்சுமி ஊன்றுகோலோடு நொண்டிக்கொண்டு உள்ளே வந்தாள். பேயாண்டி அவளையும் கோலையும் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்துவிட்டார். வாயில் இருந்த இட்லி சிதறியது. தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர, மூச்சு முட்டச் சிரித்தார்.

"என்னய்யா இது! அக்கா நொண்டுறதப் பாத்தா சிரிப்பு வருதா ஒங்களுக்கு?" முத்துத்தாய் அவர் முதுகைத் தட்டினாள். "நீ மனசுல வைக்காதக்கா. டாக்டருதான் சொன்னாருல்ல, அவரு அறிஞ்சு செய்யல."

கனகலட்சுமிக்குக் காது இரண்டும் எரிந்தன. அவர் அறிந்துதான் சிரிக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். அதில் கோபம் இல்லை, குத்தல்கூட இல்லை. பழைய அப்பா, விழுந்தால் என்னிடம் மட்டும் சொல் என்ற அப்பா, உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துச் சிரிக்கிறார். அது அவளுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்க வேண்டும்! அதையும் தங்கச்சி முன்னால் நோய் என்று விட்டுக் கொடுத்துவிட்டு நின்றாள்.

அதற்கப்புறம் அவள் நொண்டி வரும்போதெல்லாம் அவர் சிரித்தார். சில நாள் கழித்து முத்துத்தாய் அவரைத் திட்டுவதை நிறுத்திவிட்டாள். அவர் சிரிக்கும்போது அக்காவைப் பார்த்தாள்.

*

மார்கழியில் சின்னச்சாமி அடிக்கடி போன் பண்ணினார். பையன் அரையாண்டுப் பரீட்சையில் கணக்கில் தவறிவிட்டான், வீட்டில் சொன்ன பேச்சு கேட்பதில்லை. முத்துத்தாய் அடுப்படியில் நின்றுகொண்டு போனிலேயே மகனுக்குப் புத்தி சொல்வாள், கெஞ்சுவாள். பிறகு ஒரு சாயங்காலம் வேறு செய்தி வந்தது. கடை இருக்கிற கட்டடத்தின் சொந்தக்காரர் கேட்கிறாராம். பூட்டியே கிடக்கிற கடையை எத்தனை நாள் வைத்திருப்பது, தை பிறந்தால் திறக்கிறீர்களா இல்லையா, செல்போன் கடை வைக்க ஒருத்தர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அந்தக் கடை முத்துத்தாய்க்கு என்ன என்பது கனகலட்சுமிக்குத் தெரியும். கல்யாணமாகி மாமியார் வீட்டில் ஓர் அலமாரித் தட்டுகூடத் தன்னுடையது என்று சொல்ல முடியாமல் இருந்தவள், ரவிக்கை தைத்துத் தைத்துப் பிடித்த கடை. தன் பெயரைப் பலகையில் எழுதி மாட்டின அன்றைக்கு அந்தப் பலகையை மட்டும் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பியிருந்தாள்.

முத்துத்தாய் வந்து அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, ஒன்னிய ஒண்ணு கேக்கணும். ஒனக்கு முடியும்னாத்தான். பகல்ல சுந்தரம்மா இருக்கும். காலையிலயும் சாயங்காலமும் அய்யாவ ஒன்னால ஒத்தையாத் தூக்கிப் பாக்க முடியுமா? முடியும்னு சொல்லு, நான் பொங்கலுக்குள்ள கெளம்பிருவேன். முடியாதுன்னா பரவால்ல, நான் இருக்கேன்."

அன்றைக்குக் காலையில்தான் ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவையாகச் சீனியை ஓட விட்டிருந்தாள். பெரிய ஓட்டம் இல்லை, தென்னைகளை ஒட்டி ஒரே ஒரு நீளம். காற்று காதில் அடித்தது இன்னும் உடம்பில் இருந்தது. நாளைக்கு இரண்டு நீளம் ஓட்டலாம் என்று சூரியபிரகாஷ் சொல்லியிருந்தான்.

"இன்னும் கொஞ்ச நாளு போகட்டும்டி" என்றாள் கனகலட்சுமி. "குனிஞ்சா பிடிக்குது."

முத்துத்தாய் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தாள். "சரிக்கா" என்று எழுந்தாள். அடுப்படியிலிருந்து அவள் குரல் கேட்டது. "ஏங்க, கடையக் குடுத்துரச் சொல்லுங்க. மெஷினுகள வீட்டுல எறக்கி வச்சுக்கங்க. போர்டையும் மறக்காம கழட்டிருங்க." அழுகிற குரல் இல்லை. பால் வாங்கி வரச் சொல்கிற குரல்தான்.

மறுநாள் கனகலட்சுமி வழக்கம் போலப் பஸ் ஏறினாள். மேடையில் ஏறி நின்றாள், குதிரையில் உட்கார்ந்தாள். சீனி ஒரு சுற்று நடந்தது. கடிவாளத்தைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். போர்டைக் கழற்றச் சொன்ன குரல் காதை விட்டுப் போகவில்லை. வேலியருகில் நிறுத்தி இறங்கிவிட்டாள்.

"என்னக்கா, வலிக்குதா?" என்று சூரியபிரகாஷ் ஓடி வந்தான்.

"இல்ல தம்பி" என்றாள். "வலிக்கல. அதான் கோளாறு."

*

இஸ்திரி வண்டி வந்தது. ஊன்றுகோலைப் பையிலிருந்து எடுக்கவில்லை. நேராக நடந்தாள். கேட்டைத் திறந்தாள். முத்துத்தாய் அப்பாவின் அறையில் அவருக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். கனகலட்சுமி நேராக உள்ளே போய்க் கட்டிலுக்கு அந்தப்பக்கம் நின்று, குனிந்து, அப்பாவின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி உட்கார வைத்தாள்.

பேயாண்டி சிரிக்கவில்லை.

முத்துத்தாய் சட்டையின் பொத்தான்களைப் போட்டு முடித்தாள். எல்லாப் பொத்தானையும் போட்டாள். பிறகு கேட்டாள்: "எம்புட்டு நாளா?"

"ஐப்பசிலேருந்து."

"காலையில எங்க போற?"

"குதிரைக்கு."

முத்துத்தாய் தலையை ஆட்டினாள். "எனக்கு சந்தேகமாத்தான் இருந்துச்சு. அய்யா சிரிப்பு சும்மா வர்ற சிரிப்பா இல்ல. ஆனா சந்தேகப்படுறதுக்கே வெக்கமா இருந்துச்சு. நமக்காக ஒடம்பக் கெடுத்துக்கிட்டவளப் போயி இப்பிடி நெனைக்கிறமேன்னு நேத்துகூட என்னியவே நான் திட்டிக்கிட்டேன்."

"முத்து, அதுவும் இல்ல. அய்யாவத் தூக்கினதால எனக்கு இது வரல. டாக்டர் அன்னைக்கே சொல்லிட்டாரு."

அதுதான் முத்துத்தாயை அடித்தது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"கேட்டிருந்தா என்னக்கா?" என்றாள். "எனக்கு இது வேணும்டி, இன்னும் ரெண்டு மாசம் இருடின்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் மாட்டேன்னா சொல்லிருப்பேன்? கடை போனாலும் அக்காவுக்குன்னு குடுத்தேன்னு இருந்திருப்பேன். இப்பக் குடுத்ததாவும் இல்ல, கையில இருக்கவும் இல்ல. நீயா எடுத்துக்கிட்ட."

கனகலட்சுமி போனை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். சின்னச்சாமிக்குப் போன் பண்ணச் சொன்னாள். பண்ணிப் பார்த்தார்கள். மெஷின்களை ராத்திரியே இறக்கியாகிவிட்டது, கட்டடக்காரர் காலையிலேயே சாவியைச் செல்போன் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டிருந்தார்.

மறுநாள் முத்துத்தாய் ஊருக்குக் கிளம்பியபோது, ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கனகலட்சுமி பையைத் தூக்கிக்கொண்டு கூடவே போனாள். முத்துத்தாய் வேண்டாம் என்று சொல்லவில்லை. வத்தலக்குண்டு பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்த பிறகு, "அய்யாவுக்கு நைட்டு முதுகுப் பக்கம் பவுடர் போடு, புண்ணு வந்துரும்" என்று மட்டும் சொன்னாள்.

*

அதற்கப்புறம் கனகலட்சுமி மைதானத்துப் பக்கமே போகவில்லை. அப்பாவை ஒற்றையாளாகப் பார்த்தாள். இடுப்பு ஒரு நாளும் வலிக்கவில்லை. வலித்திருந்தால் நன்றாக இருக்கும் என்று சில நாள் நினைத்தாள். மாசியில் ஒரு தரம் வத்தலக்குண்டுக்குப் போனாள். பழைய கடையில் செல்போன் உறைகள் சரஞ்சரமாகத் தொங்கின. முத்துத்தாய் வீட்டுக் கூடத்தில், கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் மெஷினை ஒடுக்கிப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். காபி கொடுத்தாள். அப்பாவைப் பற்றிக் கேட்டாள். வேறு எதையும் கேட்கவில்லை. வாடிக்கையில் பாதிப்பேர் வீடு தேடி வருவதில்லை என்று சின்னச்சாமிதான் சொன்னார்.

சித்திரைத் திருவிழாவுக்கு முத்துத்தாய் அப்பாவைப் பார்க்க வந்தாள். இரண்டு நாள் இருந்தாள். கிளம்புகிற நாள் காலையில், சுந்தரம்மாள் வந்த பிறகு, தலையை வாரிக்கொண்டே சொன்னாள்: "அந்தக் குதிரைய எனக்குக் காட்டு."

"இப்ப நான் போறதில்ல முத்து."

"நீ போறியா போலையான்னு கேக்கல. காட்டுன்னுதான் சொன்னேன்."

இரண்டு பேரும் டவுன் பஸ்ஸில் போனார்கள். சூரியபிரகாஷுக்கு யார் இவள் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை, முகச்சாடை அப்படி. சீனி கனகலட்சுமியைக் கண்டதும் வேலிக்கு வந்து தலையை நீட்டியது. முத்துத்தாய் எட்ட நின்று அதை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏறு" என்றாள்.

நாலு மாதத்துக்குப் பிறகு ஏறுகிறாள். விழக் கூடாது என்று டாக்டர் சொன்ன அந்த ஒரே விஷயம் நினைவில் வந்தது. இவள் கண் முன்னால் விழுந்தால், மறுபடியும் இவள்தான் வந்து நகம் வெட்ட வேண்டும். அந்த நினைப்போடு காலைத் தாண்டிப் போட்டாள். நடந்தாள். அப்புறம் தென்னைகளை ஒட்டிக் கொஞ்சம் வேகமாக விட்டாள். திரும்பி வரும்போது முத்துத்தாய் வேலிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கக் கனகலட்சுமிக்குத் தைரியம் வரவில்லை. இறங்கி வந்து பக்கத்தில் நின்றாள்.

"ஒன் மொகம் இப்பிடி இருந்து நான் பாத்ததே இல்ல" என்றாள் முத்துத்தாய். "அம்மா இருக்கும்போதுகூட பாத்ததில்ல."

கனகலட்சுமி கடிவாளத்தைச் சூரியபிரகாஷிடம் கொடுத்தாள்.

"எதுக்காகன்னு இப்ப வெளங்குது. ஆனா ஆறல. ஆறும்னும் சொல்ல மாட்டேன்."

"ஆற வேணாம் முத்து."

"அதையும் நீ சொல்லாத."

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம் இல்லை. கனகலட்சுமி பக்கத்தில் இடம் காலியாக இருந்தும் முத்துத்தாய் முன்சீட்டில் போய் உட்கார்ந்தாள். இரண்டு மூன்று ஸ்டாப் தாண்டிய பிறகு, திரும்பிப் பார்க்காமலே, "விடாத, ஓட்டு. அதையும் விட்டுட்டா என் கடை எதுக்குப் போச்சுன்னே இல்லாமப் போயிரும்" என்றாள்.

இப்போது கனகலட்சுமி ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறாள். அப்பாவைக் குளிப்பாட்டி, சுந்தரம்மாளை உட்கார வைத்துவிட்டுப் போகிறாள். மேடையில் ஏறுவதற்கு முன்னால் வத்தலக்குண்டுக்குப் போன் பண்ணுகிறாள். "முத்து, ஏறப் போறேன்" என்பாள். "ம்" என்று பதில் வரும், பின்னால் மெஷின் ஓடுகிற சத்தத்தோடு. சில வாரங்களில் முத்துத்தாய் போனை எடுப்பதில்லை. வேலையாக இருக்கலாம், வேண்டுமென்றும் இருக்கலாம். அந்த நாட்களில் கனகலட்சுமி ஏறுவதில்லை. சீனிக்குக் கொள்ளு வைத்து, அது தின்று முடிக்கும்வரை நின்றிருந்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் வீடு திரும்பிவிடுவாள். இதைத் தங்கச்சியிடம் அவள் சொன்னதில்லை.